மடிப்பில் கிழிந்த புடவை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை ஒரு சகோதரி பிடித்துக்கொண்டார். நம் பகுதியை வாரந்தோறும் தவறாமல் படிப்பவராம்.

"பீரோ நிறையப் பழைய புடவை இருக்கிறது, மாமி. கட்டவும் முடியவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கூட இப்போதெல்லாம் தெருப்பக்கம் வருவதில்லை. என்னதான் செய்வது?" என்று கேட்டார்.

சட்டென்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஊருக்கு உபதேசம் சொல்கிற நானே நான்கு வருஷமாக அதே கேள்வியை அடித்தட்டில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அல்லவா இருந்தேன்! அந்த மூட்டை இப்போது ஒரு போர்வையாகிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்று இரண்டு துண்டுகள். எல்லாம் கையால் தைத்தது. அந்தச் சகோதரிக்கு அன்று சொல்லாத பதிலை இந்த வாரம் இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வீட்டுக் கதையும் கலந்துதான் வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை என் அம்மாவுடையது. 2019-இல் அம்மா போனபோது நல்ல புடவைகளை அக்காவும் நானும் தம்பி மனைவியும் பங்கிட்டுக் கொண்டோம். ஒரு பட்டுப் புடவையும், பழைய நூல் புடவைகளும், வேட்டியில் முடிச்சுப் போட்ட ஒரு துணி மூட்டையும் மிஞ்சின. யாரும் கேட்கவில்லை. பேசாமல் சென்னைக்கு எடுத்து வந்தேன்.

நாங்கள் மதுரைக்காரர்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம் தெரியுமல்லவா? அண்மையில் கடைகள் அங்கிருந்து இடம் மாறிவிட்டன. எங்கள் சின்ன வயதில் அந்தக் கற்சிலைகளுக்கு நடுவே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சிங்கத்தின் காலடியில் பாவாடைத் துணி, யாளியின் காலடியில் ரவிக்கைத் துணி! அம்மா எங்களை அழைத்துக்கொண்டு போனால், அளவு கொடுத்துவிட்டுக் கையோடு வெட்டுத் துணிகளையும் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொள்வாள். "எதுக்கும்மா இது?" என்றால், "கலர் நல்லாருக்குல்ல?" என்பாள். அவ்வளவுதான் காரணம்.

நிறம் என்றால் அம்மாவுக்கு அப்படி ஒரு கண். தெருவில் யார் வீட்டில் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் விளக்கொளியில் விசிறிவிட்டால் அம்மா மயங்க மாட்டாள். புடவையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பாள். "டியூப் லைட்டை நம்பாதீங்க, கல்யாணம் காலையிலதானே நடக்கப் போகுது?" என்பாள். மாந்துளிர், வெங்காயச் சருகு, பாக்கு, அரக்கு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், பொன்வண்டு... நம்மவர்கள் நிறத்துக்கு வைத்திருக்கிற பெயர்களைப் பாருங்கள்! தோட்டமும் சமையலறையும் சேர்ந்து பெயர் வைத்த மாதிரி இருக்கும். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி உடுத்தினார் என்பதால் ஒரு நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நீலம் அம்மாவுக்கு உயிர்.

1976-இல் அப்பா காலமானார். அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு அம்மா கட்டியதெல்லாம் சந்தனம், சாம்பல், வெளிறிய நீலம், வெள்ளையில் சின்னக் கறுப்புப் பூப்போட்ட வாயில் புடவைகள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பாட்டியை மாதிரி மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. அவளாகவே மாறிக்கொண்டாள், நாங்களும் அதுதான் முறை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தீபாவளிக்கு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கிளிப்பச்சையில் ஒரு நூல் புடவை வாங்கிக் கொடுத்தேன். தொட்டுத் தடவிப் பார்த்தாள். வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்திலும் பார்த்தாள். "நல்ல பச்சை" என்று சொல்லி, மறுநாளே தம்பி மனைவிக்குக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

அப்பாவுக்குப் பிறகு அம்மா வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். என் தம்பி படித்தது அந்தக் காசில்தான். அந்த வேலையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளே அந்த மூட்டை. சென்ற வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் முடிச்சை அவிழ்த்தேன். குப்பை போல இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் ஒரு நாடாவால் கட்டி வைத்திருந்தாள். பச்சையெல்லாம் ஒரு கட்டு. மஞ்சள் ஒரு கட்டு. சிவப்பில் மட்டும் மூன்று கட்டு. இருபது வருஷம் ஊரார் உடுத்திய நிறங்களெல்லாம் அங்கே இருந்தன.

அன்றைக்கே போர்வை தைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

* * *

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கீழ் வீட்டு வங்காளி அம்மாள். அவர்கள் ஊரில் இதற்குக் 'காந்தா' என்று பெயர். பழைய புடவைகளை மூன்று நான்கு அடுக்காக ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை சின்னச் சின்ன ஓட்டுத் தையலால் இணைத்துவிடுவார்கள். தைக்கிற நூலைக்கூடக் கடையில் வாங்குவதில்லையாம். பழைய புடவைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்துக்கொள்வார்கள். தையலின் இழுப்பில் துணி மெல்லிய அலை அலையாகச் சுருங்கி நிற்கும். கல்கத்தாவில் குருசதய் தத்தர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்த்த காந்தாக்கள் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தாமரை, தேர், யானை, பல்லக்கு என்று அவற்றில் இல்லாத சித்திரம் இல்லை. ஓவியம் படிக்காத பெண்கள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைத்த பொழுதில் தைத்தவை.

நம் பக்கத்தில் ஏனோ இது இவ்வளவு வளரவில்லை. 'ஒட்டுப் போட்ட துணி வீட்டுக்கு ஆகாது' என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே பெரியவர்கள், பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்த விடுவார்களோ? பாட்டியின் நைந்த புடவையைத்தானே கேட்பார்கள்! தூளி கட்டுவதும் பழம்புடவையில்தான். நூறு முறை துவைத்த நூல் துணியின் மென்மைக்கு ஈடே கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, சாயம் பார்ப்பது. ஒவ்வொரு துணியிலும் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்துங்கள். கறை பட்டால் அந்தத் துணியைத் தனியாக அலசி, அலசின தண்ணீர் தெளிகிறவரை விடக் கூடாது. சிவப்பும் கருநீலமும்தான் பொல்லாதவை. 1958 வாக்கில் நம் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணி நியூயார்க்குக்குப் போய், அங்கே சட்டையாகி, துவைத்தவுடன் சாயம் ஓடிப் பெரிய ரகளையாகிவிட்டது. வியாபாரிகள் கெட்டிக்காரர்கள்! 'இந்தத் துணியின் சாயம் போவது நிச்சயம்' என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து, துவைக்கத் துவைக்க நிறம் மாறும் சட்டை என்று விற்றுத் தீர்த்தார்கள். நம் வீட்டுப் போர்வைக்கு அந்த சாமர்த்தியம் உதவாது. மதுரைச் சுங்குடியை நான் மூன்று தண்ணீர் அலசினேன்.

இரண்டாவது, அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியின் மேல் வைத்துப் பென்சிலால் கோடிட்டு வெட்டுங்கள். சதுரத்தின் ஓரம், துணியின் இழை ஓடுகிற திசையிலேயே இருக்க வேண்டும். கோணலாக வெட்டினால் தைக்கும்போது இழுத்துக்கொண்டு போகும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலம் நிற்கும். அகலத்தில் பன்னிரண்டு, நீளத்தில் பதினாறு வைத்தால் 54 அங்குலத்துக்கு 72 அங்குலம். ஒருவர் போர்த்திக்கொள்ளத் தாராளம். துண்டுகளைச் சேர்க்கும்போது அங்குலத்துக்கு எட்டுத் தையலாவது விழ வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பகலில் தையுங்கள், வீரம் வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து, அதன் மேல் துண்டுகளை அடுக்கிப் பார்ப்பது. அம்மா கட்டி வைத்திருந்த பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஆசை தீரப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று நாள் அடுக்கினேன். பார்க்கச் சகிக்கவில்லை! பொருட்காட்சிப் பந்தல் மாதிரி எல்லாம் ஒரே சமயத்தில் கத்தின. ஒன்றும் காதில் விழவில்லை.

பாரிஸ் நகரத்தில் கோபெலின் என்ற பிரசித்தி பெற்ற திரைச்சீலை ஆலை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செவ்ரூல் என்ற ரசாயன நிபுணர் அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். (நூற்றிரண்டு வயது வாழ்ந்த மனிதர்!) கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்க வைத்தது. பக்கத்து நிறத்தை மாற்றினால் அதே கறுப்பு எடுப்பாகத் தெரிந்தது. இதை வைத்து 1839-இல் அவர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஒரு நிறத்தின் அழகு பாதி அதனிடம் இருக்கிறது. மீதி அதன் அண்டை வீட்டில் இருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு எதிர் நிறமும் வைத்துக் கோர்வை போடுகிறார்களே, அவர்களுக்கு இது தெரியாதா என்ன?

நான்காம் நாள் அம்மாவின் நூல் புடவைகளை எடுத்தேன். சந்தனம், சாம்பல், வெளிறிய நீலம். அவற்றிலும் சதுரங்கள் வெட்டிக் கிளிப்பச்சைக்கும் அரக்குக்கும் நடுவில் வைத்தேன். சாம்பலுக்குப் பக்கத்தில் வாடாமல்லி எப்படி இருந்தது என்கிறீர்கள்! விளக்கேற்றி வைத்தது போலிருந்தது. எந்தத் துண்டு அமுங்குகிறது, எது துருத்துகிறது என்று தெரிய வேண்டுமானால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். என் பேத்தி இன்னொரு வழி காட்டினாள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் வெளிர் எது, அடர்த்தி எது என்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் போதும். நிறம் எதுவானாலும் அமைந்துவிடும்.

* * *

வாடாமல்லி என்றேன் அல்லவா? கதை அங்கேதான் இருக்கிறது.

யாரும் கேட்காத பட்டுப் புடவை ஒன்று மிஞ்சியது என்றேனே, அது வாடாமல்லி உடலும் பச்சைக் கரையும் கொண்ட காஞ்சிபுரம் பட்டு. 1975-இல் அக்காவின் கல்யாணத்துக்கு, பெண்ணின் தாயார் கட்டிக்கொள்வதற்காக அப்பா எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்தன்று கட்டினாள், அப்புறம் இரண்டொரு விசேஷங்களுக்குக் கட்டியிருப்பாள். மறு வருஷம் அப்பா போய்விட்டார். அன்று மடித்து வைத்ததுதான்.

நான்கு துண்டுகளாவது அதிலிருந்து வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்காவைக் கேட்காமல் கை வைக்கப் பயம். மதுரைக்கு டெலிபோன் செய்தேன்.

"என்னடி சொல்ற? அம்மா சேலையில கத்தரி வைக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"போர்வையில வச்சுத் தைக்கத்தான்க்கா. சும்மா பெட்டியில கிடக்குதே..."

"கிடந்தா கிடந்துட்டுப் போகுது. உனக்கு சோறா போடுது?"

அப்போதுதான் நான் படித்திருந்த ஒரு விஷயத்தை அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு கிராமம் இருக்கிறது. ஜீஸ் பெண்ட் என்று பெயர். அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பின மக்களின் சந்ததியார் வாழும் ஊர். பழைய முதலாளியின் பெயரான பெட்வே என்பதே இன்றும் பல குடும்பங்களின் பெயராக இருக்கிறது. 1960-களில் அவர்கள் ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பியபோது ஆற்றைக் கடக்கிற படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வர 2006 ஆயிற்று! அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்குத் தாங்காமல், கிழிந்த வேலைச் சட்டை, சாக்கு, எது கிடைத்தாலும் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். 2002-இல் அந்தப் போர்வைகளை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். பிறகு நியூயார்க்குக்கும் போயின. 2006-இல் அந்நாட்டுத் தபால் தலைகளிலும் அவை வந்தன.

அவர்களில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி 1942-இல் ஒரு போர்வை தைத்தார். கணவர் இறந்துபோயிருந்தார். அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து, முழங்கால் தேய்ந்த காற்சட்டையையும் வெளுத்துப்போன சட்டையையும் வெட்டி, மகளையும் கூட வைத்துக்கொண்டு தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அதற்கடியில் படுத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதற்காகத் தைத்தது என்று அந்த மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் பார்த்தால், நீலமும் சாம்பலுமாகக் காய்ந்த வயல் போல இருக்கிறது. ஓர் ஓரமாகக் கொஞ்சம் சிவப்பு.

இவ்வளவையும் உருக்கமாக அக்காவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவ புருஷன் சட்டையை அவ வெட்டினா. அம்மா சேலையை வெட்ட நீ யாருடி?" என்றாள் அக்கா.

டெலிபோனை வைத்துவிட்டேன். என்ன பதில் சொல்வது? கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

வாடாமல்லிக்கு ஒதுக்கிய நான்கு இடங்களையும் காலியாகவே விட்டு மற்ற வரிசைகளைத் தைத்துக்கொண்டு போனேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழியில் கண் பரிசோதனைக்காக அக்கா சென்னைக்கு வந்தாள். வந்தவள் முதல் வேலையாக, "எங்கடி அந்தச் சேலை?" என்று கேட்டாள். ஒளித்து வெட்டிவிட்டேனோ என்று சந்தேகம்!

எடுத்துக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து விரித்தாள். முதல் மடிப்பு பிரிந்தபோதே 'சர்' என்று ஒரு சத்தம். மடிப்புக் கோட்டிலேயே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. இரண்டாம் மடிப்பும் அப்படியே. அக்கா கையை எடுத்துவிட்டாள்.

சகோதரிகளே, இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால், மடிந்த இடத்து இழை மட்டும் நைந்து, உலர்ந்து, ஒரு நாள் காகிதம் மாதிரி விட்டுவிடும். ஜரிகையின் கனமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, மல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அவ்வப்போது எடுத்துக் கட்ட வேண்டும்.

"கட்டியிருந்தா கிழிஞ்சிருக்காதுல்ல?" என்றாள் அக்கா.

நான் பதில் சொல்லவில்லை.

"நாப்பத்திரண்டு வயசுடி அவளுக்கு. எனக்கு இப்ப எழுபது. நான் கட்டியிருக்கிறதைப் பாரு." அக்கா அன்று கட்டியிருந்தது நல்ல ரத்தச் சிவப்பு. அத்தான் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டார். அக்கா பொட்டையும் எடுக்கவில்லை, நிறத்தையும் விடவில்லை. அம்மாவைப் பற்றி இப்படி ஒரு கணக்கை அவள் மனசுக்குள் போட்டு வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. "ஒரு தடவை நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பாளோ என்னமோ. பெரிய மக சொன்னா கேப்பா" என்றாள்.

பிறகு, "எங்க உன் கத்தரி? முந்தியில மட்டும் கை வைக்காத" என்றாள்.

அவளே வெட்டினாள். அட்டையை வைத்து நான் கோடு போட்டுக் கொடுத்தேன். கிழிசலை விட்டு, ஜரிகையை விட்டு, நல்ல இடமாகப் பார்த்துப் பத்துத் துண்டுகள் தேறின. நான்கு கேட்டவளுக்குப் பத்து! ஆறு சாம்பல் துண்டுகளைப் பிரித்துவிட்டு இடம் கொடுத்தேன். பழம் பட்டைத் தனியாகத் தைக்கக் கூடாது. பின்னால் அதே அளவு மல் துணியை வைத்துச் சுற்றி நூலோட்டிக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகப் பாவித்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து நூல் துணி அதை இழுத்துக் கிழித்துவிடும். இன்னொரு வேடிக்கையும் பார்த்தோம். அந்தப் பட்டில் பாவு சிவப்பு, ஊடை கருநீலம். இரண்டும் கலந்துதான் வாடாமல்லியாகத் தெரிந்தது. ஆகையால் ஒரே புடவைத் துண்டை நேராக வைத்தால் ஒரு நிறம். திருப்பி வைத்தால் இன்னொரு நிறம். மயில் கழுத்து, பொன்வண்டு எல்லாமே இந்த ஜாதிதான். அக்கா அரைமணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசலுக்குக் கொண்டுவா, வெளிச்சத்துல பார்ப்போம்" என்றாள். எங்கள் மூன்றாம் மாடியில் வாசல் ஏது? பால்கனிக்குப் போனோம்.

மேல் துணி முடிந்ததும், நடுவில் அம்மாவின் வாயில் புடவை இரண்டு மடிப்பு, அடியில் ஒரு பழைய வேட்டி. சென்னை வெயிலுக்குப் பஞ்சு வேண்டியதில்லை. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீளத் தையலாக நூலோட்டிக்கொண்டு, பிறகு காந்தாக்காரர்களைப் போல ஒன்றரை அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் வரிசைகள் போட்டேன். கரையிலிருந்து நூல் உருவியும் பார்த்தேன். எனக்கு அறுந்து அறுந்து வந்தது. கீழ் வீட்டு அம்மாள் சிரித்துவிட்டு, கடை நூலே நல்லது என்று சொல்லிவிட்டார். ஒன்று சொல்ல மறந்தேன். பட்டுத் துண்டு சேர்த்த போர்வையை அடிக்கடி துவைக்க முடியாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வருஷத்துக்கு ஒரு முறை அலசி நிழலில் காயப் போடலாம். குழந்தைக்கென்று செய்தால் முழுக்க நூல் துணியாகவே பாருங்கள். அதையும் கீழே விரித்து விளையாட விடுங்கள். தூங்குகிற கைக்குழந்தையின் மேல் கனத்த போர்வை எதையும் போடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஊருக்குப் போகிறதற்கு முன் அக்காவும் ஒரு வரிசை தைத்தேன் பேர்வழி என்று உட்கார்ந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்த நேரம். அங்குலத்துக்கு மூன்று தையல், அதுவும் கோணல். ராத்திரி பிரித்து மறுபடி தைத்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். மேலிருந்து ஒன்பதாவது சதுர வரிசை. யார் வந்து பார்த்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

முந்தியை மட்டும் அக்கா மதுரைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். தை பிறந்ததிலிருந்து இரண்டு முறை டெலிபோன் வந்துவிட்டது. "முந்தியை எடுத்து மடிப்பு மாத்தி வச்சுட்டேன்டி" என்கிறாள்.